டக்கெட் கடை ஆணி

சாப்பிட்டு முடித்ததும் கையில் மிஞ்சுகிற எண்ணெய்த் தாளை நீங்கள் என்ன செய்வீர்கள்?

கசக்கிக் குப்பையில் போடுவீர்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில், லாங்மைர் ஊரில், டக்கெட் பர்கர் கடையில் மட்டும் அப்படிக் கிடையாது. அங்கே பலகையின் ஓரத்தில், அடியிலிருந்து மேலே அடித்த ஆறங்குல ஆணி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பர்கர் பிடித்திருந்தால் சுற்றிவந்த தாளை நாலாக மடித்து அந்த ஆணியில் குத்த வேண்டும். பிடிக்கவில்லையென்றால் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக் கூடாது. காற்றையும் கோதுமை விலையையும் தவிர வேறெதையும் அந்த ஊர்க்காரர்கள் வாய்விட்டுக் குறை சொல்வதில்லை. சமைத்த ஆளின் முகத்துக்கு நேரே சாப்பாட்டைக் குறை சொல்வது, சர்ச்சில் எழுந்து நின்று கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம்.

டக்கெட்டுக்கு இப்போது பத்தொன்பது கடைகள். முதல் கடை லாங்மைரில் இருப்பதுதான். நிஜமான ஆணி அங்கே மட்டும்தான் உண்டு. மற்ற கடைகளில் சுவரில் ஆணியைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து விடுப்பில் வருகிற பையன்கள் பெட்டியோடு நேரே டக்கெட்டுக்குப் போய் ஒன்று தின்றுவிட்டுத்தான் பெற்றவளைப் பார்க்கப் போவார்கள். பெற்றவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளே அங்கே வந்து காத்திருப்பாள்.

அந்தக் கடையில் பர்கர் சுடுகிற கல்லுக்கு முன்னால் முப்பத்தொரு வருஷமாக நிற்கிறவள் லவான். வயது ஐம்பத்தெட்டு. இரண்டு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த புள்ளிகள், அம்மை விழுந்த மாதிரி. கடையை ஆரம்பித்த பழைய டக்கெட் உயிரோடிருந்த காலத்தில், விடிகாலையில் இரண்டு மூட்டை வெங்காயத்தைக் கையால் சீவுவாள். காகிதம் மாதிரி இருக்க வேண்டும், எதிரே பிடித்தால் ஜன்னல் தெரிய வேண்டும். உப்புப் போட்டுத் துணியில் கட்டிப் பிழிந்து வைப்பாள். காலையில் அரைத்த கறியை முட்டை அளவுக்கு உருட்டிக் கல்லில் போட்டு, மேலே ஒரு கை வெங்காயத்தை அள்ளி வைத்து, கொத்தனார் கரண்டியால் ஓங்கி அழுத்துவாள். ஓரம் சரிகை மாதிரி முறுகும். திருப்பிப் போட்டால் வெங்காயம் கறிக்குள்ளேயே போய்ச் சிவந்துவிடும். அதன் மேல் பன்னைக் கவிழ்த்து ஆவி காட்டுவாள். கடுகு விழுது, ஊறிய வெள்ளரி இரண்டு வில்லை. வேறொன்றும் கிடையாது.

டக்கெட்டின் மகன்கள் ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைகளை வெளியூர்க் கம்பெனிக்கு விற்றார்கள். முதல் வருஷம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் வருஷம் வெங்காயம் பிளாஸ்டிக் பையில் வெட்டி வந்தது, தண்ணீரோடு. மூன்றாம் வருஷம் கறி வட்டவட்டமாக, உறைந்து, நடுவே தாள் வைத்து அட்டைப் பெட்டியில் வந்தது. பை வெங்காயம் எவ்வளவு அழுத்தினாலும் சிவக்காது. வேகும். அவ்வளவுதான்.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் வந்தது, தின்றது, தொப்பியைத் தொட்டது. ஆனால் சட்டைப் பைகள் நிறைந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி மத்தியானம். கடையில் கூட்டம் இருந்தது. ஆணியில் நாலே தாள். லவான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரார் முன்னால் உடுப்பு நழுவின பெண்ணைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. புதுத் தாள் பத்துப் பன்னிரண்டை எடுத்தாள். கல்லின் ஓரத்தில் ஒற்றி எண்ணெய் ஆக்கினாள். நாலாக மடித்தாள். பலகை துடைக்கிற சாக்கில் போய்க் குத்திவிட்டு வந்தாள்.

மறுநாளும் செய்தாள். பிறகு அது தரை கழுவுவது போல ஒரு வேலையாகிவிட்டது. கூட வேலை செய்கிற எல்வீராவுக்கு அது தெரியும். உருளைக்கிழங்கு பொரிக்கிறவள், மெக்ஸிகோக்காரி, வாயாடி.

"அக்கா, நம்ம ஆணி யோகக்கார ஆணி. யாரும் தின்னாமலே அதுக்கு வயிறு நெறையுது."

"வேலையப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். உங்க வேலையத்தான்."

ஒரே ஒரு தாள் மட்டும் தினமும் தவறாமல், லவான் கை படாமல், ஆணியில் ஏறியது. அது அவள் புருஷன் மெர்ல் குத்துகிற தாள். மெர்ல் தானியக் கிடங்கின் எடை மேடையில் லாரி நிறுக்கிறவர். பதினொரு மணிக்கு வருவார், கோடி ஸ்டூலில் உட்காருவார், ஒன்று தின்பார், குத்துவார், போவார். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் லவானுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். மெர்ல் பொய் சொல்லத் தெரியாத ஆள். அவர் குத்துகிறார் என்றால் அவ்வளவு மோசமில்லை என்றுதானே அர்த்தம்?

மே மாதக் கடைசியில் டெஸா போன் பண்ணினாள். லவானின் அக்கா மகள். அக்கா செத்தபோது டெஸாவுக்கு எட்டு வயசு. அன்றிலிருந்து கல்லூரிக்குப் போகிறவரை லவான் வீட்டில் வளர்ந்த பெண். இப்போது டல்ஸாவில் ஒரு பத்திரிகையில் வேலை.

"சித்தி, ஒக்காந்திருக்கியா?"

"நின்னுட்டிருக்கேன். அடுப்புல பீன்ஸ் கெடக்கு. என்ன, கல்யாணமா?"

"அதவிடப் பெருசு. எனக்குன்னு ஒரு பக்கம் குடுத்திருக்காங்க. நம்ம மாநிலத்துல பேர் வாங்கின சாப்பாடெல்லாம் நெஜமாவே அந்தப் பேருக்குத் தகுந்ததுதானான்னு போய்த் தின்னு பாத்து எழுதணும். மூணு வாரம் பாப்பாங்க. ஜனங்க நம்பிப் படிச்சா, வாராவாரம் என் பேர்ல."

மெர்ல் பக்கத்திலிருந்து கத்தினார். "ஏய், யார் தலைல மொதல்ல கை வைக்கப் போற?"

"உங்க பொண்டாட்டி தலைலதான் சித்தப்பா. டக்கெட்."

லவான் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க கடைய எதுக்குடி? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் பாக்கணும். சித்தி, இப்பவே சொல்லிடறேன். நீ வளத்தவங்கறதுக்காக நான் மாத்தி எழுத மாட்டேன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் எழுதுவேன்."

"அது தெரியாதா எனக்கு. பத்து வயசுலயே பாஸ்டர் பொண்டாட்டிகிட்டப் போய் உங்க ஆப்பிள் பை உப்புக் கரிக்குதுன்னு சொன்னவதானே நீ."

"அந்தம்மா இன்னும் என்னோட பேசறதில்ல," என்றார் மெர்ல்.

மூவரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி டெஸா வைத்தாள். பீன்ஸ் அடிப்பிடித்திருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் லவான் கறிக்கடைக்குப் போய் நல்ல தோள் கறியாக வாங்கிவந்தாள். மெர்ல் மான் கறி அரைக்க வைத்திருந்த மெஷினைப் பரண்மேலிருந்து எடுத்துக் கழுவினாள். விடியற்காலையில் எழுந்து அரைத்தாள். வெங்காயம் சீவினாள். நாலு வருஷத்தில் கை மறந்திருக்குமோ என்று பார்த்தாள். மறக்கவில்லை. எட்டு உருண்டை. ஐஸ் பெட்டியில் வைத்து மேலே துண்டு போட்டு மூடினாள். மெர்ல் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.  பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக் கொடுத்தார்.

பதினொன்றரைக்கு டெஸா வந்தபோது ஆணியில் ஐம்பதுக்கு மேல் தாள் ஏறியிருந்தது. லவான் காலையிலிருந்தே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் உருண்டையை அழுத்தியபோது எழுந்த வாசனையில் பலகை முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. கோதுமைக்காரன் ஒருவன், "ஓய் லவான், இன்னிக்கு யார் செத்துப் பொழைச்சாங்க? எனக்கும் அதுலயே ஒண்ணு," என்றான். டெஸாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்களுக்கு அதிலேயே போட்டுக் கொடுத்தாள். மெர்லுக்கும் கொடுத்தாள். மெர்ல் அன்று மெதுவாகத் தின்றார். கடைசித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மென்றார். கண்ணைத் தூக்கவில்லை.

டெஸா ஒன்றைத் தின்றாள். இன்னொன்று கேட்டு அதையும் தின்றாள். தாடையில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தாள், எட்டு வயசில் செய்த மாதிரியே. பிறகு நோட்டை எடுத்தாள்.

"சித்தி, இப்ப நான் ஒன் பொண்ணு இல்ல, பேப்பர்க்காரி. கேக்கட்டுமா?"

"கேளு."

"தெனமும் இப்படித்தானா?"

எல்வீரா உருளைக்கிழங்குக் கூடையைக் குலுக்குவதை நிறுத்தினாள். மெர்ல் ஐஸ் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இதேதான்," என்றாள் லவான்.

டெஸா எழுதிக்கொண்டாள். எழுந்து ஆணியருகே போய் ஒவ்வொரு தாளாக விரலால் தொட்டு எண்ணினாள். கடைசியில் தன் தாள் இரண்டையும் மேலே குத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது கட்டுரை. மெர்ல் உரக்கப் படித்தார். நல்ல எழுத்து. அதன் நடுவில் இப்படி இருந்தது: 'கல்லின் முன்னால் நிற்பவர் என் சித்தி. என்னை வளர்த்தவர். அதனால் என் நாக்கை நீங்கள் நம்ப வேண்டாம். நானே நம்பவில்லை. ஆணியை நம்புங்கள். லாங்மைர்க்காரர்கள் வாயால் பொய் சொல்லக்கூடும், தாளால் சொல்ல மாட்டார்கள். வியாழக்கிழமை நண்பகலில் ஆணியில் ஐம்பத்து மூன்று தாள்கள் இருந்தன. நான் எண்ணினேன்.'

மெர்ல் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கா," என்றார்.

"ம்."

"நெஜமா நல்லா எழுதியிருக்கா, லவான்."

"கேட்டுச்சு மெர்ல். விடு."

அடுத்த வாரத்திலிருந்து கூட்டம். விச்சிட்டாவிலிருந்து, அமரில்லோவிலிருந்து, எங்கெங்கிருந்தோ வண்டிகள். அறுவடை ஆரம்பித்து, வீதியெல்லாம் உமி பறந்தது. வெயிலில் வரிசை கட்டி நின்று, கழுத்தெல்லாம் உமி ஒட்டி, ஜனங்கள் பர்கர் தின்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஆணியில் குத்துவதே ஒரு விளையாட்டு. பாதி தின்றதைக் குப்பையில் போட்டுவிட்டுத் தாளைக் குத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது லவான் குத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் வரிசையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஏரியா மேனேஜர் ட்ரெவர் வந்து கட்டுரையைப் பெரிதாக அடித்துக் கதவில் ஒட்டினான்.

"லவான் மேடம், நீங்க தங்கம். கம்பெனில எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க."

"கம்பெனில சொல்லி நெஜ வெங்காயம் அனுப்பச் சொல்லு."

ட்ரெவர் நல்ல ஹாஸ்யம் கேட்ட மாதிரி சிரித்தான்.

டெஸா இரண்டு தடவை போன் பண்ணினாள். மூன்று வாரம் தாண்டிவிட்டது, பக்கத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை பேசும்போது, "சித்தி, சில பேரு கண்டபடி எழுதறாங்க. தண்ணியா இருக்கு, ஐஸ்ல வெச்ச கறின்னு. நான் கண்ணால பாத்தேன், வாயால தின்னேன், பொறாமைல பேசாதீங்கன்னு பதில் போட்டுட்டேன்," என்றாள்.

"பதிலெல்லாம் எதுக்குடி," என்றாள் லவான். 

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை. தென்காற்று அனல் மாதிரி அடித்த நாள். வரிசை வாசலைத் தாண்டி டயர் கடைவரைக்கும் நின்றது. திடீரென்று வரிசை தானாக விலகி வழிவிட்டது. ஒரு கிழவர் தன் மனைவியை முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அந்த அம்மா தலையில் துணி கட்டியிருந்தாள். புருவம் இல்லை. மணிக்கட்டு தீக்குச்சி மாதிரி. மெர்ல் வழக்கமாக உட்காரும் கோடி ஸ்டூல் காலியாக இருந்தது. அதில் உட்காரவைத்தார்.

"நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம், அம்மா," என்றார் கிழவர், ஏதோ தப்பு செய்தவர் போல. "மருந்து ஏத்தறாங்க இவளுக்கு. ரெண்டு மாசமா ஒண்ணும் எறங்கல. சூப்பு வெச்சாலும் மண்ணுங்கறா, பழம் குடுத்தாலும் மண்ணுங்கறா."

"ஹாலிஸ், ஊருக்கெல்லாம் சொல்லாத," என்றாள் அந்த அம்மா. பிறகு லவானைப் பார்த்துச் சிரித்தாள். "பேப்பர்ல படிச்சேன் கண்ணு. அந்தப் பொண்ணு வெங்காயத்தப் பத்தி எழுதியிருந்தா பாரு, படிக்கப் படிக்க வாயில எச்சி ஊறிச்சு. ரெண்டு மாசத்துல மொதத் தடவ. இத மட்டும் தின்னுருவேன்னு சொன்னேன். ஒடனே வண்டிய எடுத்துட்டாரு."

லவான் எல்வீராவைப் பார்த்தாள். எல்வீரா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் கறி இல்லை. கறிக்கடைக்கு ஆள் அனுப்பி, அரைத்து, வெங்காயம் சீவி உப்பில் வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். வரிசையில் நாற்பது பேர். கதவருகே ட்ரெவர் நின்று வரிசையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். 'கொஞ்சம் இருங்கம்மா, ஒங்களுக்கு வேற பண்ணித் தரேன்' என்று சொல்லலாம்தான். சொன்னால், அப்போ மற்றதெல்லாம் என்ன என்று நாற்பது பேரும் கேட்பார்கள்.

லவான் அட்டைப் பெட்டியைத் திறந்து உறைந்த வட்டு ஒன்றை எடுத்தாள். பை வெங்காயத்தைத் துணியில் போட்டுப் பிழிந்தாள். எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். ஓரத்துக்குத் தள்ளி, கரண்டியால் அழுத்தி, கூடுதல் நேரம் விட்டு. வெங்காயம் வெளுத்துத்தான் கிடந்தது. பன்னை வைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். மென்றாள். கிழவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாயும் கூடவே அசைந்தது. இரண்டாம் வாய் கடித்தாள். மூன்றாவதற்குத் தூக்கியவள், கீழே வைத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கிழவர்.

"ஒண்ணுமில்ல." அந்த அம்மா தாளை இழுத்துச் சரிசெய்தாள். "இதுவும் அப்படித்தான் இருக்கு, ஹாலிஸ். தண்ணியா. அப்ப என் நாக்குதான். நாக்கு செத்துப்போச்சு. ஊரே ருசிச்சுத் திங்குது பாரு, எனக்குத்தான் தெரியல."

"மருந்து நிறுத்தினா வந்துரும்னு டாக்டர் சொன்னார்ல."

"சொன்னாரு." அவள் லவான் பக்கம் திரும்பினாள். "மனசுல வெச்சுக்காத கண்ணு. உன் சமையல்ல ஒரு கொறயும் இல்ல. கொற எங்கிட்ட."

லவானின் வாய் திறந்தது. 'உங்க நாக்கு நல்லாத்தாம்மா இருக்கு' என்று நாலு சொல். நாலும் நாக்கு நுனிவரை வந்தன. கதவருகே ட்ரெவர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அடுத்த ஆள், "எனக்கு ரெண்டு, வெங்காயம் ஜாஸ்தி," என்றான்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றாள் லவான். அதுதான் வெளியே வந்தது.

"வேண்டாம் கண்ணு." அந்த அம்மா மிச்சத்தைக் கைக்குட்டையில் எடுத்து வைத்துவிட்டு, தாளை நாலாக மடித்துப் புருஷனிடம் நீட்டினாள். கிழவர் அதைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார்.

"அங்க இல்ல. ஆணில குத்து. அவங்க மேல தப்பில்லாதப்ப எதுக்கு நாம எடுத்துட்டுப் போகணும்?"

கிழவர் எட்டிக் குத்தினார். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவைதான் ஏறியது. பிறகு அவளை மெதுவாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். வரிசை மறுபடி விலகியது.

இரண்டு பர்கர் போட்ட பிறகுதான் லவான் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினாள். சுற்றிவந்து வீதியைப் பார்த்தாள். கிழவரின் வெளிர்நீல வண்டி கிடங்கு தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. கோதுமை லாரி ஒன்று குறுக்கே வந்தது. லாரி போனதும் வீதியில் உமிதான் இருந்தது.

குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், பால் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து டெஸாவுக்குப் போன் பண்ணினாள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஐஸ் பெட்டியை, மெஷினை, எட்டு உருண்டையை, தலையில் துணி கட்டிய அம்மாவை, எல்லாவற்றையும் சொன்னாள். 

"சித்தி, நான் தெனமும் இப்படித்தானான்னு கேட்டேன்."

"கேட்ட."

"பேப்பர்க்காரியா கேக்கறேன்னு சொல்லிட்டுக் கேட்டேன்."

"ஆமா."

"சரி, நீ சமைச்சது என் நாக்கோட போகட்டும். ஆணி? ஐம்பத்து மூணு பேர் குத்தினாங்களே?"

லவான் தன் கைகளைப் பார்த்தாள். "ஏழெட்டுத்தான் மத்தவங்களுது. மிச்சம் நான் குத்தினது. அன்னிக்கு மட்டுமில்ல. ரெண்டு வருஷமா."

 எங்கேயோ டெஸா பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, ஆபீஸ் சத்தம்.

"என் நாக்க நம்பாதீங்க, ஆணிய நம்புங்கன்னு எழுதினேன் சித்தி. என் பேரப் போட்டு எழுதினேன். சந்தேகப்பட்டு எழுதினவங்களையெல்லாம் பொறாமைன்னு சொன்னேன்."

"தெரியும்டி."

"இப்ப எதுக்குச் சொல்ற? ஒரு மாசம் கழிச்சு?"

"அந்தம்மா எந்த ஊருன்னு கேக்கல நான். பேரு கேக்கல. ஆனா அவங்க ஒன் பேப்பர் படிக்கறவங்க. நீ எழுதினா படிப்பாங்க. அவங்க நாக்கு சாகலேன்னு எழுதுடி. ருசி தெரிஞ்சுது அவங்களுக்கு. அங்க இருந்த அத்தன பேர்லயும் அவங்களுக்குத்தான் தெரிஞ்சுது. அத மட்டும் எழுது. என் பேரப் போட்டே எழுது."

"அத எழுதினா அப்புறம் எனக்கு அந்தப் பக்கம் இருக்காது. அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

 டெஸா வழக்கமாக 'வெக்கறேன் சித்தி, கை பத்திரம்' என்று சொல்லித்தான் வைப்பாள். கல்லுக்கு முன்னால் நிற்கிறவளுக்குச் சின்ன வயசிலிருந்து அவள் சொல்வது அது. அன்று அதைச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மெர்ல் காதெல்லாம் உமியோடு வந்தார். சோள ரொட்டியும் பீன்ஸும் மேசையில் இருந்தன. லவான் தின்னாமல் உட்கார்ந்து சொன்னாள். மெர்ல் கேட்டுக்கொண்டே தின்றார். முடித்ததும் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நல்லதுதான். எப்பவாவது சொல்லித்தானே ஆகணும்."

"ஒனக்குத் தெரியுமா? ஆணி விஷயம்?"

"நாப்பது டன் லாரியக் கண்ணால பாத்தே எடை சொல்றவன் நான். பர்கர் சுத்தின தாளுக்கும் சும்மா எண்ணெய் ஒத்தின தாளுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"பர்கர் நல்லால்லேன்னும் தெரியுமா?"

"வெங்காயம் பையில வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப நீ ஏன் குத்தின?" லவான் குரல் எழும்பியது. "தெனமும் வந்து குத்தினியே. நாலு வருஷமா."

மெர்ல் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "நான் என்ன பர்கருக்கா குத்தினேன்? நீ அங்க நிக்கறப்ப, நான் பாட்டுக்குத் தாளப் பாக்கெட்டுல வெச்சுட்டு வர முடியுமா? ஊரு என்ன சொல்லும்? பொண்டாட்டி கைச் சாப்பாடே புடிக்கலேன்னு..."

"மத்தவன் எல்லாம் பாக்கெட்டுல வெச்சப்பகூட, மெர்ல் குத்துறானே, அவனுக்குப் பொய் வராதே, அப்ப அவ்வளவு மோசமில்லன்னு நெனச்சேன். அத நெனச்சுட்டேதான் மிச்சத்த நான் குத்தினேன். இந்த ஊர்ல நான் நம்பின ஒரே தாளு ஒன்னோடதுதான்."

மெர்ல் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தார். சேர்த்ததை மறுபடி பரப்பினார்.

"எனக்கு அது தோணல," என்றார்.

"எனக்கும்தான் தோணல."

வெளியே அறுவடை மெஷின்கள் வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு வயலை முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. லவான் எழுந்து பாத்திரம் கழுவினாள். மெர்ல் துடைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் ஒருதடவை போனைப் பார்த்தார்கள். அது அடிக்கவில்லை.

மறுநாள் காலை காற்று நின்றிருந்தது. லவான் ஒன்பதரைக்குக் கல்லின் அடுப்பைப் பற்றவைத்தாள். பதினொரு மணிக்கு மெர்ல் வந்து கோடி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பர்கர் தின்றார். தாளை நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, தொப்பியைத் தொட்டுவிட்டு எடை மேடைக்குப் போனார்.